மூணாவது கட்டம்

தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி, ஒட்டுக் கேக்கோணும்னு கேக்கலை. பக்கத்துல உக்காந்திருக்கறப்ப காதைக் கழட்டிப் பையிலயா வெச்சுக்க முடியும்? நீங்க போன்ல யாருகிட்டயோ சொல்லிட்டிருந்தீங்க பாருங்க, அவன் பரவால்ல, பரவால்லைன்னே போட்டுருன்னு. அந்த ஒரு வார்த்தைதானுங்க. பல்லடத்துல ஏறினதுலருந்து வாயைத் தொறக்காம வந்துட்டிருந்தன். அதைக் கேட்டதும் சும்மா இருக்க முடியலீங்க.

உங்க ஆபீசுலயும் வருசத்துக்கு ஒருக்கா ஆளுங்களுக்கு மதிப்பீடு போடறாங்களா? அதானே பாத்தன். கழுத்துல அட்டை தொங்கறப்பவே நெனைச்சன். உங்களுக்குக் கீழ எத்தன பேருங்க? ஆறு பேரா? இந்த வயசுக்குப் பரவால்லையே. பாருங்க, இப்ப நான் சொன்னதும் அதே வார்த்தைதான். நீங்க போன்ல சொன்னதும் அதே வார்த்தைதான். ரெண்டும் ஒண்ணுங்களா? சொல்லுங்க.

என்ற பேரு சென்னியப்பன். இதே ரோட்டுல, சூலூரு தாண்டி ஒரு பம்புசெட்டுக் கம்பெனி. பேரு வேண்டாம், உப்புத் தின்ன எடம். அங்க வைண்டிங் செக்சனுக்கு நான் போர்மேன். மோட்டாருக்குள்ள செம்புக் கம்பியைச் சுத்திச் சுத்தி எறக்கறமுங்களே, அந்த வேலை. எனக்குக் கீழ நாப்பது பேரு, முக்காவாசி பொம்பளைங்க. முப்பத்தியோரு வருசம் ஆச்சுங்க. இன்ன வரைக்கும் ஒரு மெமோ வாங்கினதில்லை. இன்னும் எட்டு மாசத்துல ரிட்டையரு. நல்லபடியா வெளிய வந்தரோணும், அவ்வளவுதான் ஆசை.

எங்க பக்கமெல்லாம், தம்பி, ஒண்ணு நல்லாருக்குதுன்னா நல்லாருக்குதுன்னு சொல்ல மாட்டாங்க. மாடு எத்தன கறக்குதுன்னு ஆராச்சும் கேட்டா எங்கப்பன், ஏதோ காப்பிக்கு ஆகுதும்பாரு. ரெண்டு வேளையும் குண்டா நெறையக் கறக்கும். வாய்விட்டுச் சொன்னா கண்ணு பட்டுருமில்லீங்களா? அந்தப் பழக்கம் எனக்கு. என்ற வாயில பரவால்லைன்னு வந்துச்சுன்னா அதுக்கு மேல பாராட்டு கெடையாது. செக்சன்ல எல்லாருக்கும் தெரியும். சென்னியப்பண்ணன் எம்பட மோட்டாரைப் பரவால்லைன்னு சொல்லிட்டாருன்னு வீட்டுல போயிச் சொல்லுவாங்களாமா.

அந்த வார்த்தையை நான் அதிகமாச் சொன்னது துளசிமணிக்குத்தானுங்க.

துளசிமணி பல்லடத்துப் பொண்ணு. பொண்ணென்ன, நாப்பத்தியொண்ணு ஆகுது. வீட்டுக்காரரு தறி ஓட்டறாரு. ஒரே மக, பன்னெண்டாவது படிக்குது. பதினாறு வருசத்துக்கு முன்னால நம்ம செக்சனுக்கு வந்துச்சு. வந்த ஒரு மாசத்துல அது கட்டின மோட்டாரைக் கையில திருப்பித் திருப்பிப் பாத்தன். ஒரு கம்பி முறுக்கலை, கம்பிக்கு அடியில வெக்கற வார்னீசு காகிதம் ஒரு எடத்துல கிழியலை. பரவால்லைன்னு சொன்னன். சுத்தி இருந்த பொம்பளைங்க எல்லாம் தலையைத் தூக்கிப் பாத்தாங்க. மத்தவங்க கட்டினது டெஸ்டிங்குல நூத்துக்கு ஆறு ஏழாச்சும் திரும்பி வரும். துளசிமணி கட்டினது திரும்பி வந்து நான் பாத்ததே இல்லை. இப்ப சொல்றன், இனிக் கண்ணு பட்டா என்ன, படாட்டி என்ன.

நாலு வருசத்துக்கு முன்னால மொதலாளி பையன் பொறுப்புக்கு வந்தாருங்க. நிவேதிதான்னு ஒரு எச்சாரம்மாவை, அதானுங்க ஆளுங்க வெவகாரம் பாக்கறவங்களை, மெட்ராசுலருந்து கூட்டியாந்தாரு. அந்தம்மா எங்களையெல்லாம் கேண்டீன்ல உக்கார வெச்சு படம் போட்டுக் காமிச்சாங்க. ஆளுங்ககிட்ட என்ன திறமை இருக்குதுன்னு பாக்கோணுமாம், அதை வளக்கோணுமாம், அவங்கவங்களைச் சரியான எடத்துல வெக்கோணுமாம். நான் கையைத் தூக்கி, ஏனுங்மா, நாங்க மோட்டாரைக் கட்றதா ஆளைக் கட்றதான்னு கேட்டன். கேண்டீனே சிரிச்சுது. அந்தம்மாவும் சிரிச்சுட்டு, ரெண்டும் ஒண்ணுதான் சார்ன்னாங்க. சின்னப் பொண்ணு, வாய் பாருன்னு நெனைச்சுக்கிட்டன்.

அப்பறம் ஒரு பாரம் குடுத்தாங்க. ஆளுக்கு ஒரு பாரம், போர்மேன்தான் நெரப்போணும். நாலு கட்டம். மொதல்ல மிகச் சிறப்பு, அடுத்தது சிறப்பு, மூணாவது பரவாயில்லை, நாலாவது தேற வேண்டும். எதுல டிக் அடிக்கறமோ அதுதான் அந்த ஆளோட தலையெழுத்து. ஒரு செக்சனுக்கு ஒருத்தருக்குத்தான் மொதக் கட்டம் போடலாம்னு ஒரு சட்டம் வேற.

மொத வருசம் நான் வெகுளியா, உள்ளது உள்ளபடி போட்டனுங்க. தங்கராசுன்னு சீனியரு ஒருத்தரு, அவருக்கு மிகச் சிறப்பு. துளசிமணிக்குச் சிறப்பு. ஒரே மாசந்தான். தங்கராசை ரெண்டாவது யூனிட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அங்க சூப்பர்வைசராமா. கேக்காம கொள்ளாம. எனக்கு ஒரு கை போனாப்பல ஆயிருச்சு. அந்த மாசம் எங்க செக்சன் கடைசி. காலைல மீட்டிங்குல மொதலாளி பையன் எல்லாருக்கும் முன்னால, என்ன சென்னியப்பன், வயசாயிருச்சான்னு கேட்டாரு. அவரு பொறந்தப்ப சக்கரை வாங்கித் தின்னவன் நானு. அன்னிக்கு மத்தியானம் எனக்குச் சோறு எறங்கலை.

நீங்களே சொல்லுங்க தம்பி, நல்லா வேலை செய்யற ஆளு நல்லாருக்குதுன்னு எழுதிக் குடுத்தா, அந்த ஆளைப் புடுங்கிட்டுப் போயிடறாங்க. அப்பறம் எவன் எழுதுவான்? உங்க ஆபீசுலயும் அப்புடித்தானா? ஆங். சிரிக்கறீங்க. அப்ப நீங்களும் செஞ்சிருக்கறீங்க.

அடுத்த வருசம் நான் உசாராயிட்டன். கிருபாகரன்னு ஒருத்தன் இருந்தான். செல்போனும் கையுமா. கம்பியை எடுத்தான்னா சிக்கு உழுந்துரும். பேச்சு மட்டும் தேனாட்டமா வரும். அவனை எப்புடியாச்சும் செக்சனை உட்டுக் கெளப்போணும்னு எனக்கு ரொம்ப நாளா ரோசனை. அவனுக்குப் போட்டன் பாருங்க, மிகச் சிறப்புன்னு. பக்கத்துல காரணம் எழுதச் சொன்னாங்க. தலைமைப் பண்புன்னு எழுதினன். ரெண்டே மாசம், அவனைத் தூக்கிட்டுப் போயி ட்ரெய்னிங் சென்டர்ல வாத்தியாராப் போட்டுட்டாங்க. புதுசா வேலைக்கு வர்ற புள்ளைங்களுக்கு வைண்டிங் சொல்லிக் குடுக்கற வேலை. அன்னிக்கு நான் செக்சன் பூராவுக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் குடுத்தன்.

துளசிமணிக்கு மூணாவது கட்டம் போட்டன்.

நான் பொய் எழுதலீங்க. வாயில என்ன சொல்லுவனோ அதைத்தானே எழுதினன்? பரவாயில்லை. பதினாறு வருசமா அந்தப் புள்ளைகிட்ட நான் சொன்ன வார்த்தை. அது வந்து, என்னைப் பத்தி என்னுங்ணா எழுதினீங்கன்னு கேட்டுச்சு. பரவாயில்லைன்னு எழுதியிருக்கறன் அம்மணின்னன். உள்ளபடியே சொன்னன். அதுக்கு மொகமெல்லாம் அப்புடி ஒரு சந்தோசம். மெட்ராஸ்காரம்மா கண்ணுலயும் எம்பட பேரு படட்டுமுங்ணான்னுது.

நான் பாரத்தை மடிச்சு உறைக்குள்ள போட்டன்.

அப்பறம் ஒரு நாளு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வந்து நின்னுச்சு. டிபன் பாக்ஸைத் தொறக்க முடியலை, பக்கத்துப் பொண்ணுகிட்டக் குடுத்துத் தொறந்துட்டு வந்துது. வலது கையில மூணு வெரலு மரத்து மரத்துப் போவுதுங்ணா, காலைல எந்திரிச்சா வெரலு இருக்கறதே தெரியறதில்லைன்னுது. டாக்டரு மணிக்கட்டுல நரம்பு அமுங்கிருச்சு, கம்பி இழுக்கற வேலையை உட்டரோணும்னு சொல்லிட்டாராமா. அந்த ட்ரெய்னிங் வாத்தியாரு வேலை இன்னொண்ணு போடறாங்களாமே, அது கெடைச்சா எனக்குக் கை பொழைச்சுக்கும், சொல்லிக் குடுக்கறதுக்கு வாய் இருந்தாப் போதும், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்ணான்னு கேட்டுச்சு.

கேக்கறதுல தப்பில்லீங்க. கிருபாகரன் சொல்லிக் குடுத்து அனுப்பற புள்ளைங்களையெல்லாம் அதுதான் உக்கார வெச்சு, அத்தனையும் பிரிச்சு, முதல்லருந்து சொல்லிக் குடுத்துட்டிருந்துச்சு. சம்பளம் அவனுக்கு, வேலை இதுக்கு. ஆனா துளசிமணி போயிருச்சுன்னா என்ற செக்சன் என்னாகறது? அதை நெனைச்சுப் பாருங்க. நாப்பது பேரை நான் ஒருத்தன் வெச்சு மேய்க்கறன்.

அதனால அந்த வருசமும் மூணாவது கட்டந்தான் போட்டன். வேலை இன்னொருத்தருக்குப் போயிருச்சு. அது வந்து, ஏனுங்ணா எனக்குக் கெடைக்கலை, என்கிட்ட என்ன கொறைன்னு கேட்டுச்சு. சட்டுனு வாயில வந்ததைச் சொன்னன். இன்னும் கொஞ்சம் ஸ்பீடு வேணும்னு மேல எதிர்பாக்கறாங்க அம்மணின்னன். எதையாச்சும் ஒண்ணு சொல்லோணுமில்லீங்களா? நின்னு கேக்கறப்ப என்ன சொல்றது?

அதுக்கப்பறம் அந்தப் புள்ள செஞ்சதை நீங்க பாத்திருக்கோணும். ஷிப்டுக்கு எட்டு மோட்டாரு கட்டிட்டிருந்தது, ஒம்போதாச்சு, பத்தாச்சு. ஆறு மாசத்துல பதினொண்ணு. ஆம்பளைங்களே கட்ட முடியாதுங்க. டீக்குக் கூட எந்திரிக்காது. கையில துணியைச் சுத்திக்கிட்டு இழுக்கும். நான் சும்மா பாத்துட்டிருக்கலீங்க. நானே மருந்துக் கடைக்குப் போயி வலிக்குத் தடவற தைலம் வாங்கியாந்து குடுத்தன். ஒரு போர்மேன் அப்புடி வாங்கிக் குடுப்பானா? மூணு பாட்டில் வாங்கிக் குடுத்திருக்கறன்.

அடுத்த வருசமும் துளசிமணிக்கு அதே மூணாவது கட்டந்தான். அந்த ரெண்டு வருசமும் எங்க செக்சன்தான் கம்பெனிக்கே மொதல்ல. சனவரி இருவத்தியாறுக்குக் கொடியேத்தி, சிறந்த போர்மேன்னு எனக்குக் கேடயம் குடுத்தாங்க. நிவேதிதாம்மா மைக்குல, ஆளுங்களை எப்புடி வளக்கறதுன்னு சென்னியப்பன் சார்கிட்டக் கத்துக்கோணும்னாங்க. மொத வரிசையில உக்காந்து துளசிமணி கை தட்டுச்சு. சத்தமே வரலை, தட்டறாப்பல பண்ணுச்சு. போட்டோவுல பாத்தா தெரியுமுங்க.

சூலூரு வந்துருச்சா? இல்லீங்களா. காரணம்பேட்டையா. சரி சரி.

போன மாசம் கம்பெனிக்கு வைண்டிங் மெசினு வந்து எறங்குச்சு. ஜப்பானோ கொரியாவோ. அது ஒரு மணி நேரத்துல கட்டறதை நாங்க ஒரு நாளெல்லாம் கட்டோணும். நாப்பது பேருல பதினோரு பேரு வேண்டாம்னுட்டாங்க. எந்தப் பதினோரு பேருன்னு என்னைக் கேக்கலை. பாரத்தை எடுத்தாங்க. தொடர்ந்தாப்பல மூணு வருசம் கீழ ரெண்டு கட்டத்துல ஆரு இருக்கறாங்களோ அவங்க. நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டாங்க. நாலாவது பேரு ப. துளசிமணி.

சத்தியமாச் சொல்றன் தம்பி. மூணு வருசமா நான் அந்தப் புள்ளையை எங்கயும் போயிடக் கூடாதுன்னுதான் வெச்சிருந்தன். போர்டுக்கு முன்னால கூட்டம். ஒப்பாரி வெக்கறவங்க வெக்கறாங்க. துளசிமணி அழுகலை. மெதுவா எங்கிட்ட வந்துச்சு. கையில, ஆளுக்கு ஒண்ணுன்னு குடுத்த அதே நோட்டீசு. அதுல ஒவ்வொரு பேருக்கும் எதுக்கால மூணு வருசத்துக் கட்டமும் போட்டிருந்துச்சு.

"பரவாயில்லைன்னா நல்லாருக்குதுன்னுதானுங்ணா அர்த்தம்?"

நான் நோட்டீசை வாங்கிப் பாத்தன்.

"எங்கிட்டச் சொன்னப்ப நல்லாருக்குதுன்னுதானே சொன்னீங்க?"

ஆமாம்மணி, அப்புடித்தான் சொன்னன், அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னன். நேரா எச்சாரம்மா ரூமுக்குப் போனன். சண்டைக்குத்தான் போனன். இவங்கதானுங்க என்ற செக்சனுக்கே கண்ணு, இவங்களை எப்புடி லிஸ்டுல போட்டீங்கன்னு கேட்டன். அந்தம்மா கத்தலை. பைலை எடுத்து முன்னால வெச்சாங்க. மூணு வருசம் சார், மூணும் உங்க கையெழுத்துன்னாங்க. எங்க ஊருல பரவாயில்லைன்னா உசத்தின்னு அர்த்தமுங்கன்னன். அந்தம்மா இன்னொரு பைலைப் பிரிச்சாங்க.

"அப்ப கிருபாகரனுக்கு மட்டும் ஏன் சார் அந்த உசத்தியான வார்த்தையைப் போடலை?"

மெட்ராஸ்காரங்களுக்கு வாயிக்குக் கேக்கோணுமா. 

ஆனா அந்தம்மா நல்லவங்கதானுங்க, சும்மா சொல்லக் கூடாது. என்னை உக்காரச் சொல்லித் தண்ணி குடுத்தாங்க. ஒரு வெள்ளைப் பேப்பரை எடுத்து நீட்டினாங்க. ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க சார், துளசிமணிக்கு மூணு வருசமும் நான் போட்ட மதிப்பீடு தப்பு, ஆளை உட மனசில்லாம கொறைச்சுப் போட்டன், அவங்கதான் என் செக்சன்லயே சிறந்த ஆளுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, நான் பேரை எடுத்துடறன், ட்ரெய்னிங் சென்டருக்கே போடச் சொல்லறன்னாங்க. வெள்ளிக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் லிஸ்டு என் கையிலதான் இருக்கும், அதுக்கப்பறம் மொதலாளி கையெழுத்துப் போட்டுட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க.

ஒரு வரிதான். ஆமாங்க. ஒரு வரிதான்.

ஆனா அந்த வரியில என்ன இருக்குது பாத்தீங்களா? மதிப்பீடு தப்புன்னு மட்டும் எழுதச் சொல்லியிருந்தா அப்பவே எழுதியிருப்பன். ஆளை உட மனசில்லாம கொறைச்சுப் போட்டன்னு எழுதோணுமாம். எழுதினா என்னாகும்? மத்த முப்பத்தியொம்போது பேரு பாரத்தையும் எடுப்பாங்க. கிருபாகரன் பாரத்தையும் எடுப்பாங்க. கேடயத்தைத் திருப்பிக் கேட்டாலும் கேப்பாங்க. முப்பத்தியோரு வருசம் ஒரு மெமோ இல்லாதவன், எட்டு மாசம் இருக்கறப்ப கையெழுத்துப் போட்டுக் கம்பெனியை ஏமாத்தினவன்னு பேரு வாங்கிட்டுப் போறதா? எனக்கும் சொந்தபந்தம், ஒறம்பரை இருக்குதில்லீங்களா? சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்க?

பேப்பரை மடிச்சுப் பாக்கெட்டுல வெச்சன். வீட்டுல போயி நல்ல தமிழ்ல எழுதிட்டு வர்றனுங்கன்னன். அது திங்கக்கெழமை. செவ்வாய்க்கெழமை உக்காந்தன், பேனா ஓடலை. புதன்கெழமை வெளிய வேலையா இருந்துட்டன். வேணும்னு இல்லீங்க. நேத்து ஒரு வரி எழுதினன், அதுல அந்த உட மனசில்லாமங்கறதை எழுதாம, அறியாமல் தவறு ஏற்பட்டதுன்னு எழுதிப் பாத்தன். நல்லா வந்திருந்துச்சு. எச்சாரம்மா ஒத்துக்க மாட்டாங்கன்னு கிழிச்சுட்டன்.

இன்னிக்கு வெள்ளிக்கெழமைங்களா? ஆமா. அதான் லீவு போட்டுட்டு, துளசிமணி வீட்டுக்கே போயிப் பாத்துட்டு வந்தரலாம்னு பல்லடம் போனன். வெறுங்கையோட போகலை. ஒரு சீப்புப் பழம், அந்தப் புள்ளையோட மகளுக்கு ஒரு பாக்கெட்டு பிஸ்கெட்டு. எதுக்குப் போனன்னு கேட்டா எனக்கே தெரியலை. மனசு கெடந்து அடிச்சுக்குது தம்பி. ஒரு வாரமா ராத்திரியெல்லாம் வெசனம். போயி மொகத்தைப் பாத்துட்டா தேவலைன்னு தோணுச்சு.

வாங்ணா வாங்ணான்னு வாய் நெறையக் கூப்பிட்டுச்சுங்க. பாய் போட்டுச்சு. காப்பி வெச்சு எடுத்துட்டு வந்துச்சு. டம்ளரை வெரல்ல புடிக்க முடியலை, ரெண்டு உள்ளங்கையிலயும் அணைச்சுப் புடிச்சுட்டு வந்துச்சு. சூடு சுடும், கொண்டா அம்மணின்னு எந்திரிச்சன். சுடறது தெரியறதில்லீங்ணா, அது ஒரு சௌகரியம்னு சிரிச்சுச்சு.

அப்பறம் உள்ள போயி மூணு நோட்டு எடுத்துட்டு வந்துச்சு. மக பள்ளிக்கோடத்து நோட்டு, கோடு போட்டது. பிரிச்சுக் காமிச்சுச்சு. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மோட்டாருக்கும், எந்தக் காயிலுக்கு எத்தன நிமிசம் ஆச்சுன்னு எழுதி வெச்சிருக்குது. மேல மேல திருப்பறன், முடியவே இல்லை. எழுத்து போகப் போகக் கோணிக்கிட்டே போகுது. கடைசி நோட்டுல மக கையெழுத்து. அம்மா சொல்ல மக எழுதியிருக்குது.

"நான் எங்க மெதுவாப் போறன்னு தேடிட்டே இருந்தனுங்ணா. ரெண்டு வருசமாத் தேடினன். கண்டுபுடிக்கவே முடியலை. இப்பவாச்சும் சொல்லுங்ணா, எங்க கொறை?"

கொறையே இல்லம்மணின்னு சொல்லிட்டன்.  ஒரு கொறையும் இல்லை, உன்னாட்டமா ஒரு ஆளை என் சர்வீசுல பாத்ததில்லைன்னு சொன்னன். என்ற வாயால அப்புடியொரு வார்த்தை ஆருக்கும் வந்ததில்லை. அது நோட்டையெல்லாம் மூடி உள்ளங்கையால ஓரமாத் தள்ளுச்சு.

"அப்பவே சொல்லியிருந்தா நான் பதினொண்ணு வரைக்கும் போயிருக்க மாட்டனுங்ணா."

கோவமாச் சொல்லியிருந்தாத் தேவலைங்க. அண்ணா, நீ நாசமாப் போவேன்னு மண்ணை வாரித் தூத்தியிருந்தா வாங்கிட்டு வந்திருப்பன். கோவமே இல்லை. எத்தனை மணிக்கு வண்டின்னு கேக்கறாப்பல சொல்லுது. எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி, இந்த வயசுல, ஊட்டுக்குப் போன எடத்துல. துண்டை வாயில வெச்சுக்கிட்டன். அழுகாதீங்ணா, எச்சாரம்மா போன் பண்ணினாங்க, சென்னியப்பன் சார் ஒரு லெட்டர் எழுதிட்டாப் போதும், நான் பாத்துக்கறன்னு சொன்னாங்கன்னு அதுதான் என்னைத் தேத்துச்சு. அப்பறம் மெதுவா, கேக்கறதுக்கே கூச்சப்பட்டுக்கிட்டு, எழுதிக் குடுத்துட்டீங்ளாண்ணான்னு கேட்டுச்சு.

குடுத்தாச்சம்மணி, காலைலயே குடுத்துட்டுத்தான் வர்றன்னு சொல்லிட்டனுங்க.

அப்புடிப் பாக்காதீங்க தம்பி. அந்த மொகத்தைப் பாத்துட்டு நீங்களா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீங்க. எழுதலைன்னு எப்புடிங்க சொல்றது?

உடனே மகளைக் கூப்புட்டுச் சொல்லுச்சு. வீட்டுக்காரருக்குப் போனைப் போடச் சொல்லுச்சு. திங்கக்கெழமையே ட்ரெய்னிங் சென்டருக்கு வரச் சொல்லுவாங்களாண்ணா, அங்க இருக்கறவங்களாட்டமா நீலச் சீலைதான் கட்டிட்டு வரோணுமான்னு என்னென்னமோ கேட்டுச்சு. நான் எந்திரிச்சுட்டன். வாசல் வரைக்கும் வந்துச்சு. கும்புடறதுக்குக் கையைத் தூக்குச்சு. எடது கை வந்துச்சு. வலது கை வந்து அதுகூடச் சேருது, வெரலு மட்டும் மடங்கி மடங்கி வெளிய போகுது. எடது கையால அதைப் புடிச்சு நீவி நீவி நேராக்கி, அப்பறம் கும்புட்டுச்சு.

நான் திரும்பிப் பாக்காம பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டன்.

பேனாவா? பேனா இருக்குதுங்க, வேண்டாம். பேப்பரும் இருக்குது, இந்தா, இதே பாக்கெட்டுலதான். பஸ்ஸு இந்தக் குலுக்குக் குலுக்குது, எழுதினா எழுத்து எழுத்தாட்டமாவா இருக்கும்? ஒரு ஆபீசுக்குக் குடுக்கற லெட்டரு. கோணல் மாணலாக் குடுக்க முடியுங்களா?

மணி என்னாச்சு? நாலு இருவதா. நேரம் இருக்குதுதான். இல்லைங்கலை.

சூலூரு தாண்டிருச்சுங்க. அந்த வேப்பமரத்துக்கு அக்கட்டால நீலக் கேட்டு தெரியுது பாருங்க, அதுதான் கம்பெனி. செக்யூரிட்டி நம்ம ஆளுதான். ரெண்டாவது மாடியில அந்தக் கண்ணாடி சன்னல் எச்சாரம்மா ரூமு. லைட்டு எரியுது, உள்ளதான் இருக்கறாங்க. எனக்காகத்தான் இருக்கறாங்களோ என்னமோ. ஸ்டாப்பு வந்துருச்சு. பின்னால ரெண்டு பேரு எறங்கறாங்க பாருங்க, செகண்ட் ஷிப்டுக்காரங்க.

என்னுங் தம்பி? இங்கயே எறங்கறதுங்களா?

கொஞ்சம் காலை மடக்கிக்கறீங்களா... இல்லை, வேண்டாம், உக்காருங்க. நான் சிங்காநல்லூரு வரைக்கும் டிக்கெட் எடுத்துட்டனுங்க.